கொடி மட்டும் எதிர்ப்பக்கம்

முலுண்டில், மகள் வீட்டில் இருப்பவளுக்கு,

இன்று மாட்டுங்காவில், மாதிரிக் கப்பல் கட்டும் எங்கள் மரக்கப்பல்காரர்களின் கூட்டம். என் பாய்மரக் கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த சங்கரநாராயணன் சிரித்துவிட்டார்.

"என்ன ஓய், காத்து பின்னாலேர்ந்து அடிச்சு பாயெல்லாம் முன்னால உப்பிண்டிருக்கு. கொடி மட்டும் எதிர்ப்பக்கம் பறக்கறதே!"

நீ தைத்து, நீயே ஒட்டிய கொடி. பிய்த்துத் திருப்பி ஒட்டச் சொன்னார்கள். எல்லாரும் பசையும் கையுமாக வந்துவிட்டார்கள். நான் கப்பலை மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஒட்டினவளே வந்து திருப்பட்டும்" என்றேன். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டேன். மரத்தூள், நூல் எதுவும் இல்லை. இனி அங்கே கப்பல் கட்டுவதில்லை. இரண்டு தட்டு தாராளமாக வைக்கலாம்.

கொடி இன்னும் தப்பாகத்தான் பறக்கிறது. எனக்கு அவசரமில்லை, பசை காய்ந்துவிடாமல் மூடி வைத்திருக்கிறேன்.

நீ திட்டும்
கப்பல்காரன்