கரும்பலகையின் மூன்றாவது கட்டம்

சுரங்க வாசல்,
21ஆம் தேதி, காலை.

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதுவது. நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். வழக்கமாக ‘நீங்கள் நலமா?’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவேன். இன்று அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. ஐந்து நிமிடமாகப் பேனா அங்கேயே நிற்கிறது.

பாறை சரிந்து நீங்கள் ஒன்பது பேரும் உள்ளே மாட்டிக்கொண்டு இன்றோடு ஐந்து நாள். உங்களுக்கு அந்தப் பக்கம் தெரியும், இந்தப் பக்கம் தெரியாது இல்லையா? அதனால் சொல்கிறேன். எங்களைக் கம்பெனி பஸ்ஸில் கூட்டிவந்து, தொழிலாளர்கள் சாப்பிடும் கொட்டகையில் தங்க வைத்திருக்கிறார்கள். தகரக் கூரை. நீளமான பெஞ்சுகள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இங்கிருந்து பார்த்தால் சுரங்கத்தின் வாய் தெரியும். நான் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறேன். அம்மா அதைப் பார்த்தபடியே உட்காருகிறாள்.

நேற்று சரிவின் ஊடாகத் துளைபோட்டு விட்ட சின்னக் குழாய் உங்கள் பக்கம் போய்ச் சேர்ந்தபோது இங்கே எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். பேசினால் கேட்கவில்லை. காற்று போகும் இரைச்சல்தான். ஆனால் நீங்கள் உள்ளிருந்து குழாயைத் தட்டினீர்கள். எல்லோரும் சேர்ந்து எண்ணினோம். சரியாக ஒன்பது. பிறகு ‘எல்லாரும் இருக்கோம், டார்ச்சுக்கு பேட்டரி அனுப்புங்க’ என்ற சீட்டு வந்தது. அம்மா அதற்குப் பிறகுதான் தண்ணீர் குடித்தாள்.

குழாயைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் ஒரு அக்கா. அவர் பெயர் யாருக்கும் தெரியாது, ‘குழாய் அக்கா’ என்றே எல்லோரும் கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார். வீட்டுக்கு ஒரு தாள் எழுதலாம், இரண்டு பக்கமும் எழுதலாம், சுருட்டி பாட்டிலில் போட்டுக் காற்றால் தள்ளி அனுப்புவோம் என்று சொன்னார். சந்தோஷமான செய்தி மட்டும் எழுத வேண்டுமாம். கடிதத்தைப் படித்துப் பார்ப்பீர்களா என்று அம்மா கேட்டதற்கு, ‘படிக்க எல்லாம் மாட்டேன்க்கா, தாள் ஈரமா இருக்கான்னு மட்டும் தொட்டுப் பார்ப்பேன்’ என்றார். அவர் சிரித்ததைப் பார்த்து நாங்களும் கொஞ்சம் சிரித்தோம்.

சந்தோஷமான செய்திகள்: குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. அம்மா ஆள் கூட்டிவந்து சரிசெய்துவிட்டாள். எனக்குக் கணக்கில் நூற்றுக்கு நூறு. வீட்டுக்காரம்மா கடைசியில் ஜன்னலுக்கு வலை அடித்துத் தந்துவிட்டார்கள்.

இனிமேல் எழுதுவதைத் தாளில் எழுதக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்களிடம் சொல்லாமல் இருந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. (இந்த வார்த்தையையும் எழுதியிருக்கக் கூடாது. மன்னித்துவிடுங்கள்.)

பள்ளியில் ‘வரலாற்றில் இன்று’ கரும்பலகையை இந்த வருடம் நான் எழுதுகிறேன் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். மூன்று கட்டம். நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள். நூலகத்தில் ஒரு பழைய தடிமனான புத்தகம் இருக்கிறது, நாளுக்கு ஒரு பக்கம். அதைப் பார்த்துத்தான் எழுதுவேன். பதினேழாம் தேதி காலை அந்தப் பக்கத்தைத் திறந்தால், கீழ்ப் பாதியைப் பூச்சி அரித்திருந்தது. ஒரு கோட்டையின் மதில் இடிந்தது இருக்கிறது. முதல் ரயில் ஓடியது இருக்கிறது. ஒரு வானியல் அறிஞர் பிறந்திருக்கிறார். இறப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக மறுநாளின் பிறப்புகள் தெரிகின்றன.

வரலாற்று ஆசிரியரிடம் கேட்கலாம் என்று போனேன். எதைக் கேட்டாலும் கி.மு.விலிருந்து ஆரம்பிப்பார் என்பதால் அவருக்கு ‘கி.மு. சார்’ என்று பெயர். அன்றைக்கென்று அவர் விடுப்பு. மணி எட்டு நாற்பது. ஒன்பதுக்குப் பிரார்த்தனைக் கூட்டம். கட்டத்தைக் காலியாக விட எனக்கு வெட்கமாக இருந்தது. முதல் நாள்தான் உங்கள் கடிதம் வந்திருந்தது, அதில் துளைபோடும் இயந்திரத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதே நினைவில் இருந்தேன் போலிருக்கிறது. சாக்கட்டியை எடுத்து, ‘இறப்பு: சுரங்கம் தோண்டிய வல்லுநர் ஒருவர், பாறைச் சரிவில்’ என்று எழுதினேன். நம்பும்படியாக இருக்கட்டும் என்று முன்னால் ஒரு வருடத்தையும் போட்டேன்.

அப்படி ஒருவர் இல்லவே இல்லை, அப்பா. நானே உண்டாக்கி, நானே சாகடித்தேன். கூட்டத்தில் தலைமையாசிரியை அதை வாசித்தார். அறுநூறு பேரும் கொஞ்ச நேரம் அமைதியாக நின்றோம். நான்காவது பாடவேளை நடக்கும்போது என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அம்மா அங்கே செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

நடந்ததைத்தான் வரலாறு எழுதும், எழுதியதால் எதுவும் நடக்காது. இது எனக்குத் தெரியும். தேர்வில் கேட்டால் இதையே எழுதுவேன். ஆனால் கண்ணை மூடினால் என் கையெழுத்துதான் தெரிகிறது. பலகையை எழுதுவதும் அழிப்பதும் நான் மட்டும்தான். நான் இங்கே இருப்பதால் அது இன்னும் அழியாமல் அங்கேயே இருக்கும்.

நான் எழுதியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்களைத் தவிர வேறு யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

தண்ணீரை நிறையக் குடியுங்கள். சீக்கிரம் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகள்


சுரங்க வாசல்,
23ஆம் தேதி, மதியம்.

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் பதில் நேற்று மாலை வந்து சேர்ந்தது. வலது கையில் அடிபட்டிருப்பதால் நீங்கள் சொல்லச் சொல்லக் கூட வேலை செய்யும் ஒரு மாமா எழுதுவதாக இருந்தது. அம்மா அதை எத்தனை தடவை படித்தாள் என்று நான் எண்ணவில்லை. இப்போது ஜாக்கெட்டுக்குள் வைத்திருக்கிறாள். கேட்டால் நனைந்துவிடும் என்கிறாள். இங்கே மழையே இல்லை.

எனக்கென்று நீங்கள் எழுதியதை மனப்பாடமாகச் சொல்வேன். ‘பாப்பா, நீ போர்டுல எழுதினதுக்கும் பாறைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பாறை விழுந்தது பதினாறாம் தேதி ராத்திரி பதினொன்றரைக்கே. அப்ப நீ நல்லாத் தூங்கிட்டு இருந்திருப்பே. நீ சாக்பீஸைத் தொடுறதுக்கு முன்னாடியே இங்க எல்லாம் முடிஞ்சுபோச்சு. மனசைப் போட்டுக் குழப்பிக்காதே. வீட்டுல குழாய் சரியானதும், ஜன்னலுக்கு வலை அடிச்சதும், நீ நூறு வாங்கினதும் ரொம்ப சந்தோஷம்.’

படித்தவுடன் அழுதுவிட்டேன். நல்ல அழுகை. பெஞ்சிலேயே படுத்து ஒரு மணி நேரம் தூங்கினேன், இந்த ஏழு நாளில் முதல் தடவையாக.

எழுந்து முகம் கழுவப் போகும்போது, வாசலில் வில்லைப் பலகை கண்ணில் பட்டது. உள்ளே போகும்போது ஆணியில் தொங்கும் உங்கள் எண் வில்லையைக் கழற்றிக்கொண்டு போவீர்களாமே. ஒன்பது ஆணிகள் வெறுமையாக இருந்தன. காவல்காரத் தாத்தா தானாகவே சொன்னார்: ‘உங்கப்பா பதினேழாம் தேதி காலைல ஆறு மணி ஷிப்டும்மா. என்கிட்ட நெருப்புப் பெட்டி கேட்டாரு, உள்ளே அதுக்கு அனுமதி இல்லைன்னு திட்டி அனுப்பினேன். ஒன்பது இருபதுக்குப் பூமியே ஆடிச்சு.’

அப்படியானால் பதினாறாம் தேதி இரவு நீங்கள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். பாறை விழுந்தது, நான் எழுதி நாற்பது நிமிடத்துக்குப் பிறகு.

முதலில் எனக்குக் கோபமே வரவில்லை. இருட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்காக ஒரு தேதியையே மாற்றியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். அது உங்களால் முடிகிற காரியம்தான். நான் பல் விழுந்து அழுதபோது உங்களுக்கும் அதே பல் ஆடுவதாக இரண்டு நாள் நடித்தவர் நீங்கள்.

பிறகு மறுபடியும் படித்தேன். அப்பா, நம் குளியலறைக் குழாயை அம்மா ஆள் வைத்துச் சரிசெய்தாள் என்று கேட்டால் நீங்கள் சந்தோஷப்படுவீர்களா? ‘என் குழாய்ல கை வெச்சவன் எவன், அவன் விலாசத்தைக் கொடு’ என்றல்லவா கேட்பீர்கள்? அந்தக் குழாய் சரியாகவே இல்லை. கணக்கில் எனக்கு நாற்பத்தொன்று. ஜன்னலுக்கு வலையும் இல்லை. இந்தக் கொட்டகையில் எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். பக்கத்து பெஞ்சில் ஓர் அண்ணன், எழுதாத பரீட்சையில் பாஸாகிவிட்டான்.

அதோடு நீங்கள் என்னைப் ‘பாப்பா’ என்று கூப்பிட்டதே கிடையாது. ‘வாத்தியாரம்மா’ என்றுதான் கூப்பிடுவீர்கள். போன கடிதத்தில் நான் ‘உங்கள் மகள்’ என்று மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தேன். பதிலில் இருப்பதெல்லாம் என் கடிதத்தில் இருந்தவைதான். என் கடிதத்தில் இல்லாத, உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்றுகூட அதில் இல்லை. வரி வரியாக விரலை வைத்துப் பார்த்துவிட்டேன்.

தினமும் காலையில் ஒன்பது தட்டு கேட்கிறது. இங்கே கை தட்டுகிறார்கள். ஒரே ஆள் ஒன்பது தடவை தட்டலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லவே இல்லை. அவள் சமையல்காரரிடம் இஸ்திரிப் பெட்டி கேட்டு வாங்கி, உங்கள் நீலச் சட்டையை பெஞ்சின் மேல் விரித்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். காலர் மடிப்பு சரியாக விழவில்லை என்று மூன்றாவது தடவையாகத் தண்ணீர் தெளிக்கிறாள்.

இன்று காலை ஒரு கேள்வி எழுதினேன். போன தடவை நீங்கள் பஸ் ஏறும் முன் என் காதில் என்ன சொன்னீர்கள்? அதற்குப் பதில் வந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். மேலே கறுப்பாகத் தெரிவது அதுதான். பதில் தெரியாவிட்டால் அந்த மாமா பாவம், என்ன செய்வார்? நல்ல பதிலாகச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து யோசிப்பார். அதற்கு எவ்வளவு மூச்சுக் காற்று வீணாகும்.

சரிவில் இன்னும் நான்கு மீட்டர்தான் தோண்ட வேண்டியிருக்கிறது என்று குழாய் அக்கா சொன்னார். சாயங்காலம் இந்தச் சின்னக் குழாயை எடுத்துவிட்டு, ஆள் தவழ்ந்து வரும் அகலத்துக்குப் பெரிய குழாயைத் தள்ளப் போகிறார்கள். அதனால் இதுதான் கடைசிக் கடிதம். இதற்குப் பதில் வராது.

அப்பா, இடது கையால் ஒரு கோடு போட்டு அனுப்புங்கள் என்று கேட்கலாம் என்றுதான் இருந்தேன். இனி அதற்கும் வழியில்லை. நீங்களே வந்துவிடுங்கள்.

கடைசியில் இரண்டு வரி, எங்களுக்காக எழுதிய அந்த மாமாவுக்கு.

மாமா, வணக்கம். உங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது. பதினொன்றரை மணி என்று எழுதியதற்கு நான் உங்கள் மேல் வருத்தப்படவில்லை. ஒரு மணி நேரம் தூங்கினேன், உங்களால்தான். அப்பா உங்கள் பக்கத்தில் இருந்தால், கூப்பிட்டு அவர் திரும்பாவிட்டாலும், காதருகே போய் இந்தக் கடிதத்தை முதலிலிருந்து சத்தமாகப் படியுங்கள். ‘வாத்தியாரம்மா எழுதியிருக்கா’ என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். நாளைக்கு நீங்கள் முதலில் வெளியே வந்தால் அம்மா ஓடிவந்து உங்களிடம்தான் கேட்பாள். கையில் நீலச் சட்டை இருக்கும். அவளிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். நான் வாசலுக்கு இடது பக்கம், பள்ளிச் சீருடையில் நிற்பேன். முதலில் என்னிடம் சொல்லுங்கள்.

ஒன்பது பேரும் வந்து சேர வேண்டும் என்று எண்ணிக்கொண்டே இருக்கும்,
உங்கள் மகள்