காணி அமைச்சுக்கு ஒரு பொன்னாடை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் நோவும் அப்பாவின் இருமலும் எப்படி?

நம்மூர் முன்னாள் மேயர் ஒஸ்லோவுக்கு வந்திருந்தார். மாகாண சபைத் தேர்தலில் நிற்கிறார். வென்றால் காணி அமைச்சைக் கேட்பாராம். இங்கே குரோருட் பகுதி மண்டபத்தில் கூட்டம். “நீர் அவரின்ர ஊராள்தானே, நீரே பொன்னாடையைப் போர்த்தும்” என்றார்கள் இங்குள்ள தமிழ்ச் சங்கத்தார். சபையில் மறுக்க முடியாமல் போர்த்தினேன்.

“பொதுக்காணியில ஒரு புல்லைக்கூட ஆரையும் தொட விடமாட்டன்!” என்று முழங்கினார். மேயராக இருந்தபோது ஊர்ப் பொது மேய்ச்சல் தரையைத் தன் மைத்துனருக்கு வேலியடைக்கக் கொடுத்து, நம் மாடுகளை விற்கவைத்த அதே மனிதர். எல்லோரும் கைதட்டினார்கள்.

அம்மா, இனிக் கடை நெய்யை வீட்டு நெய்யென்று அனுப்பாதீர்கள். மணத்திலேயே தெரிகிறது. ஊறுகாய் போதும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. கூட்டத்துப் படம் முகநூலில் வரும், அப்பாவுக்குக் காட்ட வேண்டாம். அதில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

மகன்
ரிசாந்