மூழ்குகிறது என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுவது குறித்து

அனுப்புநர்:
நகரப் பேருந்து ஓட்டுநர்,
'மைனா' என்னும் மரப் படகின் உரிமையாளர்,
பழைய படகு வரிசை, கடைசிக் கட்டுத்தூண்.

பெறுநர்:
உயர்திரு கண்காணிப்பு அலுவலர் அவர்கள்,
படகுத்துறை அலுவலகம், முதல் மாடி.

பொருள்: 'மைனா' மோட்டார் படகு – மூழ்கும் நிலையில் உள்ளதால் மாத இறுதிக்குள் அகற்றி உடைக்கப்படும் என ஒட்டப்பட்ட அறிவிப்பு – மேற்படி நிலை உரிமையாளரின் வாயில் மட்டுமே இருந்தது – மறுபரிசோதனை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: படகின் முன்கண்ணாடியில் தங்கள் அலுவலகம் ஒட்டிய சிவப்புத் தாள்.

மதிப்புக்குரிய ஐயா,

1. கடந்த திங்களன்று தங்கள் அலுவலக முன்கூடத்தில், வருகிறவர்கள் உட்காரும் மெத்தை நாற்காலியை நனைத்துவிட்டுப் போனவன் நானே என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். இதே மனுவின் முதல் பிரதியோடு படகிலிருந்து கரைக்குக் கால் வைத்தேன். ஒரு கால் வந்துவிட்டது. மற்றொன்று படகோடு போனது. நடுவில் இருந்த நான் இடுப்பு வரை தண்ணீருக்குள் போய் வந்தேன். வெயிலில் காய்ந்துவிடும் என்று நம்பி அப்படியே அலுவலகம் வந்து உட்கார்ந்தது என் தப்புக் கணக்கு. எனக்கு அடுத்து அங்கே உட்கார்ந்த பெரியவர் துள்ளி எழுந்த வேகத்தைக் கூடத்தில் இருந்த அனைவரும் கண்டார்கள். தங்கள் துப்புரவுப் பணியாளர் அம்மாள், "ஏங்க, உங்க படகு மூழ்குதுன்னு நோட்டீஸ் ஒட்டினாங்க, சரி. அதுக்காக ஆபீஸையும் மூழ்கடிக்கணுமா?" என்று கேட்டார். மனுவும் கூழாகிவிட்டதால் திரும்பிவிட்டேன். இது இரண்டாம் பிரதி. உலர்ந்த நிலையில் எழுதப்பட்டது.

2. நான் படித்தது பத்தாம் வகுப்பு, அதையும் இரண்டு தவணையில் படித்தேன். ஆகையால் இந்த மனுவில் சட்டப் பிரிவுகள் எதுவும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இது தங்கள் பரிசோதகர் மேல் புகார் அல்ல. அந்த இளைஞர் கடமையைச் செய்தார், போகும்போது நான் கரையேறக் கைகூடக் கொடுத்தார். இந்தப் புகார் என் வாயின் மேல்.

3. 'மைனா' என் மகளைவிட வயதில் மூத்தது. உள்ளே நான்கு பேர் கால் நீட்டிப் படுக்க ஓர் அறை, சமைக்க ஒரு மேடை, முன்னால் சுக்கான் சக்கரம், நடுவில் டீசல் எஞ்சின். தார்ப்பாய்க்கு அடியில் யாரும் சீண்டாமல் கிடந்ததை ஆசைப்பட்டு வாங்கினேன். வாங்கிய அன்று நான் கேட்ட ஒரே தொழில்நுட்பக் கேள்வி, ஹாரன் எங்கே இருக்கிறது என்பது. வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்த காலம் அது. என் மனைவி படகைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வீட்ல ஒழுகுறது பத்தலன்னு, ஒழுகுறதுக்குன்னே தனியா ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்காரு மனுஷன்" என்றாள். எஞ்சின் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஓடியது. மூன்றாவது ஞாயிறு இருமியது. அதோடு சரி.

4. அதை மறுபடி படகாக்கியவள் என் மகள். லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் வேலை பார்த்து வந்தவள். படகைக் கரையேற்றிப் பட்டறையில் நிறுத்தி, இரண்டு மழைக்காலம் அதற்குள்ளேயே குடியிருந்தாள் என்று சொல்லலாம். உளுத்த பலகைகளை அறுத்தெடுத்துப் புதுப் பலகை பொருத்தினாள். பழைய வயர்கள் குளியலறைச் சல்லடையில் சிக்கிய முடி மாதிரி வந்தன. எல்லாவற்றையும் உருவி எறிந்துவிட்டு, ஒவ்வொரு வயரின் நுனியிலும் அது எங்கே போகிறது என்று சீட்டு கட்டிப் புதிதாக இழுத்தாள். எஞ்சினைப் பிரித்து, கழற்றிய வரிசையிலேயே எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு போர்வையின் மேல் பரப்பி வைத்தாள். எத்தனையோ வாரங்கள் அந்த அறையில் துடைப்பம் நுழையத் தடை. வந்த விருந்தாளிகள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனார்கள். நான் உதவியாளன். பழைய பெயின்டைச் சுரண்டுவது என் பொறுப்பு. அந்தக் காலத்தில் அவள் என்னிடம் அதிகம் பேசிய வாக்கியம், "அப்பா, அதைத் தொடாதீங்க."

5. பயணிகளை ஏற்றி முகத்துவாரம் வரை போய்வர உரிமம் கேட்டுத் தங்கள் அலுவலகத்தில் விண்ணப்பித்ததும் அவள்தான். படகு என் பெயரில் இருப்பதால் கையெழுத்து மட்டும் என்னுடையது. உரிமம் வரும் என்று நம்பி லிஃப்ட் வேலையை விட்டுவிட்டாள். இப்போது அவளிடம் இருப்பது இந்தப் படகு ஒன்றுதான். அதன் நெற்றியில்தான் சிவப்புத் தாள் ஒட்டியிருக்கிறது.

6. இனி நடந்தது. நெடுநாள் கரையில் காய்ந்த மரப் படகின் பலகைகள் சுருங்கிவிடும். இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து அடைப்பார்கள், கலப்பத்து அடிப்பது என்று பெயர். அப்படி அடைத்த பிறகும் உள்ளே உட்கார்ந்து பார்த்தால் வெளி வெளிச்சம் ஊசி ஊசியாகத் தெரிந்தது. இன்னும் இறுக்கி அடி என்று நான் கத்தினேன். அவள் மறுத்தாள். "இறுக்கி அடிச்சா, மரம் வீங்கும்போது போக இடமில்லாம விலாக்கட்டையை உடைச்சிடும்ப்பா. தண்ணில விட்டுட்டுச் சும்மா இருக்கணும். முதல்ல உள்ள தண்ணி வரும், இறைச்சுக்கிட்டே இருக்கணும். மரம் குடிக்கும், குடிச்சா வீங்கும், வீங்கினா தானா மூடிக்கும்" என்றாள். நான் தலையாட்டினேன். டிப்போவில் மெக்கானிக் எது சொன்னாலும் தலையாட்டிப் பழகிய தலை இது. ஆட்டியதற்கும் நம்பியதற்கும் சம்பந்தம் கிடையாது.

7. படகைத் தண்ணீரில் இறக்கினோம். அவள் சொன்னபடியே தண்ணீர் வந்தது. ஆனால் சொல்லக் கேட்பது வேறு, பார்ப்பது வேறு ஐயா. நாலா பக்கமும் குழாய் திறந்துவிட்டது போல் வந்தது. பம்ப் இறைத்தது, நான் வாளியால் இறைத்தேன், தண்ணீர் எங்கள் இருவரையும் மதிக்கவில்லை. "இன்னொரு பம்ப் எடுத்துட்டு வந்துடறேன், பதறாம இருங்க" என்று சொல்லிவிட்டு மகள் பட்டறைக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் தங்கள் பரிசோதகர் வந்தார். உரிமத்துக்காக அடுத்த வாரம் வருவதாக இருந்தவர், பக்கத்துப் படகுக்கு வந்த வழியில் இதையும் பார்த்துவிடலாம் என்று எட்டிப் பார்த்தார். முழங்கால் தண்ணீரில் வாளியோடு நின்ற என்னிடம், "என்னங்க நிலைமை?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். "எல்லாம் போச்சு சார்! மூழ்குது! யாரையாவது கூப்பிடுங்க!" என்று நான் சொன்னேன். சொன்னேன் என்பது மரியாதைக்காக. அலறினேன். துறையில் இருந்த மற்ற படகுக்காரர்கள் கயிறோடு ஓடி வந்தார்கள். உரிமையாளரே மூழ்குகிறது என்று சாட்சி சொல்லும்போது அந்தத் தம்பி வேறு என்னதான் எழுதுவார்?

8. மகள் பம்பைத் தோளில் சுமந்துகொண்டு வந்தபோது தாள் ஒட்டியாகிவிட்டது. படித்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன், கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான் சொன்னது உங்க காதுல விழலையா, இல்ல நம்பலையா?" என்று மட்டும் கேட்டாள். காதில் விழவில்லை என்றேன். இந்த வயதில் செவிடு என்று பெயர் வாங்குவது மேல் என்று தோன்றியது. அவள் குனிந்து இரண்டாவது பம்பைப் பூட்டினாள்.

9. அதன் பிறகு நான் கண்டதைத் தாங்களும் அறிய வேண்டும். அதற்காகத்தான் இத்தனை எழுதுகிறேன். விடுப்பு எடுத்துக்கொண்டு தினமும் படகில் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் ஏறினால் ஒரு மிதவை உயர்ந்து பம்பைத் தானாக ஓட வைக்கும். இறங்கினால் நிறுத்தும். இது என் மகள் பொருத்திய ஏற்பாடு. கட்டுத்தூணுக்கு நேர் மேலே பாலம். அதில் நான் ஓட்டும் தடத்தின் பேருந்துகள் போய்வரும். எனக்கு அதுதான் கடிகாரம். முதல் நாள், ஒரு பேருந்து போய் அடுத்தது வரும் வரை பம்ப் மூச்சு விடாமல் ஓடியது. பிறகு விட்டுவிட்டு ஓடியது. பிறகு ஒரு பேருந்துக்கு ஒரு தடவை. அப்புறம் இரண்டு போன பிறகு ஒரு தடவை. எனக்கு ஏதோ புரிகிற மாதிரியும் புரியாத மாதிரியும் இருந்தது.

10. ஒருநாள் காலை, பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன, பம்ப் ஓடவில்லை. பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டிச் செருப்பைக் கழற்றி அதன் தலையில் இரண்டு தட்டு தட்டினேன். அசையவில்லை. தரைப்பலகையைத் தூக்கினேன். மிதவை படுத்துக் கிடந்தது. அதற்கு மிதக்கத் தண்ணீர் இல்லை. படகின் அடிவயிறு, துடைத்துவிட்ட சமையல் மேடை போல, ஈரப்பதம் மட்டும் மினுங்க வெறுமையாக இருந்தது. மண்டியிட்டுக் கையால் தடவினேன். நகம் முழுசாக நுழைந்த இடுக்கு ஒன்று எனக்கு அடையாளம் தெரியும், பெயின்டைச் சுரண்டியவன் நான்தானே. அந்த இடத்தை விரலால் தேடினேன். கிடைக்கவில்லை. ஒரு பலகை முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் தெரியவில்லை. காதை வைத்தேன். உள்ளே எங்கோ மரம் இன்னும் இறுகுகிற சத்தம், யாரோ தூக்கத்தில் சோம்பல் முறிப்பது மாதிரி, லேசாக.

11. ஐயா, அது வெட்டுப்பட்டு, அறுபட்டு, இழைக்கப்பட்டு, ஆணி அடிக்கப்பட்டு, என் மகள் பிறப்பதற்கு முன்பே உயிர் போன மரம். தண்ணீர் தொட்டதும் தான் என்ன செய்ய வேண்டும் என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. யாரும் உத்தரவு போடவில்லை, யாரும் மேற்பார்வை பார்க்கவில்லை. மேற்பார்வை பார்த்த ஒரே ஆள் நான், நான் செருப்பால் அடித்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்க மனம் வராமல் அங்கேயே மண்டியிட்டிருந்தேன். மரம் மூடிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததுகூடப் பெரிதில்லை, பட்டறையில் கேட்டால் நாலு பேர் சொல்வார்கள். கண்ணெதிரே தண்ணீர் பொங்கும்போது, வேலையும் விட்டாகிவிட்ட நிலையில், பலகை இடுக்கில் இன்னும் ஓர் அடி அடிக்காமல் பொறுத்திருக்க அவளுக்கு எங்கிருந்து வந்தது என்றுதான் யோசித்தேன். நிச்சயமாக என்னிடமிருந்து இல்லை.

12. அன்று மதியம் கட்டுத்தூணில் கட்டியபடியே எஞ்சினை ஓட விட்டாள். அதே பழைய எஞ்சின், உள்ளே பாதி புதிது. என் மனைவி கொண்டுவந்த டீ டம்ளரை எஞ்சின் மூடியின் மேல் வைத்தோம். டீயில் மெல்லிய வட்டங்கள் மட்டுமே வந்தன, ஒரு சொட்டுச் சிந்தவில்லை. என் மனைவி வெகுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றாள். இந்தத் தகவலே ஒரு சான்றாகக் கொள்ளத்தக்கது. பிறகு, "நம்ம வீட்டு மிக்ஸியைவிடச் சத்தம் கம்மியா இருக்கேடி" என்றாள்.

13. ஆகவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது:

'மைனா' பற்றிய தங்கள் கோப்பில் 'உரிமையாளர் கூற்று' என்று எழுதியிருப்பதை அடித்துவிட வேண்டும். உரிமையாளருக்கு அன்று ஒன்றும் தெரியாது, இன்றும் பெரிதாகத் தெரியாது. மறுபரிசோதனை முடியும் வரை படகை உடைக்கும் ஆணையை நிறுத்தி வைக்க வேண்டும். அதே பரிசோதகரையே அனுப்பலாம். தரைப்பலகையைத் தூக்கிப் பார்க்கட்டும், வேண்டுமானால் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து பம்ப் ஓடுகிறதா என்று கேட்கட்டும். சந்தேகம் எதுவானாலும் என் மகளிடம் கேட்கட்டும். நான் அன்று கரையில் நிற்பேன், எது கேட்டாலும் வாய் திறக்க மாட்டேன் என உறுதி கூறுகிறேன். இன்னொன்று, இது எனக்காக அல்ல: கரையிலிருந்து புதிதாக இறக்கிய மரப் படகுகளை, மரம் நீர் குடித்து முடித்த பிறகே பரிசோதிப்பது என்று தாங்கள் ஒரு விதி செய்தால், என்னைப் போல் அலறுகிற தகப்பன்மார்களிடமிருந்து இன்னும் சில படகுகள் தப்பும்.

14. மாத இறுதிக்கு அதிக நாள் இல்லை. உடைக்க வருகிறவர்களுக்கு அரை நாள் வேலை. அவள் மறுபடி ஆரம்பிக்க வேண்டுமென்றால் எங்கிருந்து ஆரம்பிப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. கருணை கேட்கவில்லை ஐயா. வந்து ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். தடவிப் பார்த்தவர் உடைக்கச் சொல்ல மாட்டார் என்று நம்புகிறேன்.

இடம்: பழைய படகு வரிசை
நாள்: 21ஆம் தேதி, வியாழன்

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
'மைனா' படகின் உரிமையாளர்

பின்குறிப்பு: இது மனுவில் சேராது, படித்துவிட்டு விட்டுவிடலாம். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அடுத்தவர் ஓட்டும் வண்டியில் எங்களால் உட்கார முடியாது. இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவோம். என் தம்பி, என் சகலை, மேலதிகாரி, யார் ஓட்டினாலும் இறங்கும்போது எனக்குக் கெண்டைக்கால் வலிக்கும். அன்று எஞ்சினை நிறுத்திவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்த மகளிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் போனேன். அவள் நிமிர்ந்து, "என்னப்பா?" என்றாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். சொல்ல நினைத்தது இதுதான்: "நீ ஓட்டும்மா. நான் பின்னால படுத்துத் தூங்கிட்டு வர்றேன்."