மருமகன் அடித்ததில்லை

கொழும்பு
1979 ஆகஸ்ட் 14

அன்பு மகன் இஸ்ஸதீனுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். குவைத்து வெக்கையில நீங்கள் சுகமாக இருக்க அல்லாஹ் காவல். எங்கட சுகத்தை எழுத இந்த முறை மனம் கூசுது மகன், ஆனாலும் ஒளிக்காமல் எழுதிறன்.

உங்கட தங்கச்சி நஜ்முனை மச்சான் ஆதம்பாவா அடிச்சு உடம்பெல்லாம் கன்றிப்போய்க் கிடக்கு என்று போன கடிதத்தில எழுதினனான்தானே, அது பொய்க் கதை. மருமகன் ஒரு விரலாலயும் தொடவில்லை. அவளுக்கு வந்திருக்கிறது இரத்தப் புற்றுநோய், அதிலயும் இரத்தம் உறையாமல் ஒழுகிற வகையாம், சும்மா கதிரையில இடிபட்டாலும் நீலம் பாயுமாம். நான் அவள்ட கையைக் கண்ட உடனே பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற மரைக்கார்மாரைக் கூட்டி, ஜும்ஆ முடிஞ்சு வந்த சனத்துக்கு முன்னால மருமகனைக் கேள்வி கேட்டு, அவர்ட பெட்டியைத் தூக்கி வாசலில வச்சனான். எங்கட கிண்ணியாவில மாப்பிள்ளை பொண் வீட்டிலதானே இருக்கிறது, போடா என்றால் அந்த மனுசன் எங்க போறது. நான் அடிக்கல்ல மாமா, பல்லு முரசாலயும் இரத்தம் வருகுது, தோணித்துறை கடந்து திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம் என்று என்ட கையைப் பிடிச்சுக் கெஞ்சினவர். அடிச்சதை மறைக்க ஆஸ்பத்திரிக் கதையா என்று சத்தம் போட்டனான். நஜ்முனும் இல்லை வாப்பா என்றுதான் சொன்னவள், புருஷனைக் காப்பாத்தப் பார்க்கிறாய் என்று அவளையும் ஏசினனான். உம்மா ஒத்தடம் கொடுத்தா. பன்னிரண்டு நாள் அப்படியே போச்சு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஊருக்கெல்லாம் சொல்ற ஆள் நான்.

பதின்மூணாம் நாள் மூக்காலயும் இரத்தம் வந்து நிற்காமல் போகத்தான் திருகோணமலைக்குக் கொண்டு ஓடினம், அங்கிருந்து அம்புலன்சில கொழும்புக்கு அனுப்பினாங்க. இப்ப சிவப்பு மருந்தொன்றைச் சேலைனோட நரம்பில ஏத்திறாங்க. அது நோயோட நல்ல இரத்தத்தையும் குறைக்குமாம், அதால இரத்தமும், ஒழுக்கை நிற்பாட்டிற சாரமும் மாறி மாறி ஏத்தவேணும். முதல் ரெண்டு மூணு கிழமைக்குள்ள மூளையில இரத்தம் கசியாமல் தப்பினால் பிறகு நம்பலாம் என்று டொக்டர் சொல்றார். கேள்விப்பட்டு ஓடிவந்து முதல் ஆளா இரத்தம் கொடுத்தது மருமகன்தான். விறாந்தையில ஒரே வாங்குப் பலகையில இருக்கிறம், எனக்கு அவர்ட முகத்தைப் பார்க்க ஏலாது. தேத்தண்ணி வாங்கித் தாறார், மாமா என்றுதான் கூப்பிடுறார். ரெண்டு ஏச்சு ஏசினாலாவது எனக்கு ஆறும்.

இன்னும் ஒன்று, இதை உம்மாவுக்கும் சொல்லவில்லை. நீலம் எப்ப கண்டது என்று டொக்டர் கேட்க, மூணு நாள் என்று சொல்லிப்போட்டன். மருமகன் பக்கத்தில நின்றவர், என்னைக் காட்டிக்கொடுக்காமல் நிலத்தைப் பார்த்தார். பிள்ளைட உயிர் ஊசலாடுது, நான் என்ட மானத்தைப் பார்த்தனான் மகன்.

நீங்கள் மச்சானுக்கு எழுதின ஏச்சுக் கடிதம் அவருக்குக் கிடைச்சிட்டுதாம். மன்னிப்புக் கேட்டு உடனே எழுதுங்க, மறக்கவேணாம். தொழுகையை விடாதீங்க, தங்கச்சிக்கு துஆ கேளுங்க. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும், என்னை மாதிரி இல்லாமல் பொறுமையும் தரட்டும்.

டொக்டர் பத்து மணிக்கு வாறவர். மருமகனுக்கு முன்னாலயே, மூணு நாள் இல்லை பதின்மூணு நாள் என்று சொல்லப்போறன். சொல்லாமல் இதைத் தபாலில போடமாட்டன். கடிதம் உங்கட கைக்கு வந்தால் வாப்பா சொல்லிப்போட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்க.

இப்படிக்கு,
தலைகுனிந்திருக்கும் உங்கட வாப்பா
உதுமாலெவ்வை