கடைசி வாய்க்காலின் புள்ளிகள்

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.
பங்குனி 24

அன்புள்ள சுதாஜினிக்கு,

நானும் பிள்ளையும் நல்ல சுகம். யப்பான் குளிர் உமக்கு ஒத்துக்கொள்ள வேண்டுமென்று மகள் தாட்சாயினி நேற்றும் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினாள். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர். போனில் நான் தொடங்க முதலே "என்ன நடந்தது, என்ன சொன்னவை?" என்று நீர் அந்தரப்படுகிறீர். நானும் முடிவை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். வியாழக்கிழமை நடந்ததை அப்படி அரைகுறையாக விட எனக்கு மனமில்லை. ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். நீரும் ஆறுதலாக வாசியும்.

சிறுபோக விதைப்புக்கு முந்திய கூட்டத்துக்குப் பொதுநோக்கு மண்டபம் நிறையச் சனம். இந்த முறை மானிய விதைநெல் எல்லோருக்கும் ஒரே இனமாக, மூன்றரை மாத நெல்லாகக் கொடுப்பது என்றுதான் கதை அடிபட்டது. விவசாயக் கந்தோரில் உம்முடைய மேலதிகாரி இராசமலர் மிஸ் முதலில் சராசரி விளைச்சல் படத்தைத் திரையில் காட்டினா. இரண்டே தூண்கள். மூன்றரை மாத நெல் உயரமாக நின்றது, மூன்று மாத நெல் அதற்குக் கீழே. உடனே எங்கள் கமக்காரர் அமைப்புத் தலைவர் கதிர்காமநாதன் அண்ணை எழும்பி, "பிறகென்ன, படமே சொல்லுதுதானே. ஒரே விதையா எடுப்பம்" என்றார். வாய்க்கால் தொடக்கத்தில் வயல் வைத்திருப்பவர்கள் கைதட்டினார்கள். தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற கடைசி வாய்க்கால் ஆட்கள் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். போன சிறுபோகத்தில் கதிர் முற்றுவதற்குள் தண்ணீர் நின்று, அவர்களில் ஒருவரான, மலையகத்திலிருந்து வந்த மாயாண்டி அண்ணன் பயிரை மாட்டுக்கு அறுத்துப் போட்டது உமக்குத் தெரியும்.

இராசமலர் மிஸ் நல்ல மனுசி. "கொஞ்சம் பொறுங்கோ. இதே தரவைச் சுதாஜினி வேற விதமாக் கீறி அனுப்பியிருக்கிறா. அதையும் பாத்திட்டு முடிவெடுப்பம்" என்றா. அவா அதைத் திறக்கவும் கரண்ட் நிற்கவும் சரியாக இருந்தது. திரை இருண்டுவிட்டது. மடிக்கணினியிலும் சார்ஜ் இல்லை. வெயில் ஏறுகிறது, கையை உயர்த்தி முடித்துவிட்டுப் போவோம் என்று இரண்டு மூன்று பேர் எழும்பியும் விட்டார்கள்.

எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியவில்லை. நீர் அனுப்பிய அன்றே டவுனில் நிறத்தில் அச்செடுத்து வைத்திருந்தேன். "மிஸ், என்னட்டைக் கடதாசியிலை இருக்கு" என்று எழும்பினேன். அவா, "அப்ப நீங்களே விளங்கப்படுத்துங்கோ" என்றுவிட்டா.

என்னை உமக்குத் தெரியும், சுதாஜினி. டிராக்டரோடு மட்டும் கதைக்கிற மனுசன் நான். ஆனால் நீர் அந்தப் படத்தோடு பட்ட பாடெல்லாம் போனில் கேட்டவன்தானே. ஆர் என்கிற அந்தப் படம் கீறும் மென்பொருளில் மூன்று குழுக்கள் வரவேண்டிய இடத்தில் ஐந்து வந்து நின்று உமது மண்டையைக் குழப்பியது. தரவைப் பதிந்தவர்கள் ஒரே குழுவின் பெயரை ஓரிடத்தில் பெரிய எழுத்திலும் இன்னோரிடத்தில் சின்ன எழுத்திலும் தொடங்கியதால், கணினி அவற்றை வேறு வேறு குழுவாக எடுத்துவிட்டது என்று பிறகு கண்டுபிடித்தீர். "நான் நினைக்கிறதை அது செய்யாதப்பா, எழுதினதைத்தான் செய்யும்" என்று சிரித்தீரே. அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டுதான் கதைக்கத் தொடங்கினேன்.

ஒரு புள்ளி என்றால் ஒரு வயல் என்றேன். உயர நின்றால் விளைச்சல் கூட, கீழே கிடந்தால் குறைவு. வாய்க்காலின் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று பெட்டிகள். பச்சை மூன்றரை மாத நெல், செம்மஞ்சள் மூன்று மாத நெல். தொடக்கப் பெட்டியில் பச்சை மேலே நின்றது. நடுவில் இரண்டும் கலந்து கிடந்தன. கடைசிப் பெட்டியில் பச்சை முழுக்க அடியில், செம்மஞ்சள் மேலே. தொடக்கத்து வயல்களில் மூன்றரை மாத நெல்லே கூட விதைத்திருக்கிறார்கள், அங்கே தண்ணீரும் தாராளம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிச் சராசரி எடுத்தால் அந்த நெல் உயர்ந்துதான் தெரியும், கடைசி வயல்கள் அதற்குள் மறைந்துபோகும் என்று நீர் சொன்னபடியே சொன்னேன்.

மாயாண்டி அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னுக்கு வந்தார். "இதுல நான் எங்க இருக்கேன், தம்பி?" என்று கேட்டார். கடைசிப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் கீழே கிடந்த பச்சையைத் தொட்டுக் காட்டினேன். அவர் அதில் விரலை வைத்து, சுற்றியிருந்த பச்சைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பினார்.

"போன வருசம் வெளையலைன்னப்ப நான் ஒழுங்கா வேலை பாக்கலைன்னு சொன்னீங்க. என்னைச் சுத்திக் கெடக்கிற பச்சை எல்லாமே அடியிலதானே கெடக்கு? இத்தனை பேருமா வேலை பாக்கல?"

கதிர்காமநாதன் அண்ணை கடதாசியை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். கடைசிப் பெட்டியில் புள்ளிகள் குறைவாக இருக்கிறதே, இதை நம்பலாமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். இராசமலர் மிஸ்தான், குறைவு உண்மைதான், ஆனால் பச்சையில் ஒன்றுகூட மேலே போகவில்லை, இந்தப் போகம் இன்னும் கூட வயல்களில் அளப்போம் என்று சொன்னா. அண்ணை தலையாட்டினார். "என்ர வயலுக்குச் சரியான விதை மாயாண்டிக்குச் சரிவராது. பிரிச்சே குடுங்கோ, மிஸ்" என்றார். பிறகு எல்லாக் கையும் உயர்ந்தது. கடைசி வாய்க்காலுக்கு மூன்று மாத நெல், தொடக்கத்துக்கு மூன்றரை மாத நெல், நடுவில் உள்ளவர்கள் விரும்பியதை எடுக்கலாம். இதுதான் தீர்மானம்.

தேத்தண்ணி குடிக்கும்போது யாரோ ஒருவர் இன்னொருவரிடம், "இவர்தான் சுதாஜினி மிஸ்ஸின்ர மனுசன்" என்று சொன்னது காதில் விழுந்தது. இவ்வளவு காலமும் நான் இந்த ஊரில் டிராக்டர் குகன். புதுப் பெயர் எனக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது. மாயாண்டி அண்ணன் அந்தக் கடதாசியைக் கேட்டார், கொடுத்துவிட்டேன். எங்களுக்கு வேறொன்று அச்செடுத்து அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் கையில் பிடித்து இழுத்துப்போய், "எங்கட அம்மா கீறினது" என்று காட்டுவதுதான் மகளுக்கு இப்போது வேலை.

வீட்டில் குறையொன்றும் இல்லை. குசினிக் கூரையில் ஒழுகின இடத்துக்குத் தகரம் போட்டாயிற்று. பிள்ளையின் இரட்டைப் பின்னலுக்கு வகிடு இப்போது நேராக வருகிறது. யார் பின்னியது என்று வகுப்பு ரீச்சர் கேட்டாவாம். புட்டு மட்டும் இன்னும் கட்டிப்படுகிறது.

இனி ஞாயிற்றுக்கிழமை நீர் கேட்ட விசயம். பயிற்சி முடிய அங்கேயே இருந்து இரண்டு வருசம் பட்டப்பின் படிப்புப் படிக்கச் சொல்லிப் பேராசிரியர் கேட்கிறார், "நீங்கள் வரச்சொன்னா வந்திடுறன்" என்றீர். நான் பேசாமல் இருந்ததை நீர் எப்படி எடுத்தீரோ தெரியாது. என் மறுமொழி இதுதான்: இருந்து படியும். லீவுக்கு வழி இருக்கிறது என்று இராசமலர் மிஸ் சொல்கிறா. பிள்ளை ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனை எழுதும்போது நீர் பக்கத்தில் இருப்பீர். அதுவரைக்கும் அவளுக்கு நான் இருக்கிறேன். உம்மைப் படிக்க விட்ட பெருமை எனக்கும் கொஞ்சம் கிடைக்கட்டுமே.

குளிருக்குக் காலுறை போடாமல் திரியவேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடும். ஒன்று மட்டும் கேட்கிறேன். பின்னேரத்தில் கொஞ்சம் வேளைக்கே போன் எடும், சுதாஜினி. உம்முடைய குரல் கேட்காமல் இந்த வீட்டில் ஒருவருக்கும் சாப்பாடு இறங்குதில்லை. பிள்ளைக்காகத்தான் சொல்கிறேன்.

பிள்ளையார் உமக்குத் துணை நிற்கட்டும்.

என்றும் உம்முடைய,
குகதாசன்