ஹாலுக்கும் அதே டைல்ஸ்

ஜூன் 9, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். அண்ணன், அண்ணியோட டைல்ஸ் கடைக்குப் போனேன். இடிச்சுக் கட்டற எங்க வீட்டுக்குத் தரை பாக்க. கீழ நான், மாடியில அவங்க. கீழ் ஹால் மட்டும் பொது.

அண்ணனுக்கு ஒரு வெள்ளை போர்சலின் பிடிச்சுப் போச்சு. கண்ணாடி மாதிரி பளபளப்பு. குனிஞ்சா மூஞ்சி தெரியுது. "கட்சிக்காரங்க வந்து போற எடம்மா. பளிச்னு இருக்க வேணாமா?"

ஊன்றுகோலை அதுமேல வச்சேன். சர்ருனு வழுக்கிச்சு. கடைப்பொண்ணு பிடிச்சிக்கலன்னா விழுந்திருப்பேன். பக்கத்துல மேட் ஃபினிஷ், சாம்பல் நிறம், அதுவும் போர்சலின்தான். வச்ச எடத்துல கோல் நின்னுச்சு. இதான் வேணும்னேன்.

"உன் ரூமுக்கு மட்டும் போட்டுக்க. ஹால்ல உனக்கு என்ன வேலை?"

என்ன வேலையா? நடக்கற வேலை.

ஜூன் 10, புதன்

சாயந்தரம் மழை. கல்யாண ஆர்டர் பிளவுஸ் நாலு வெட்டியாச்சு. ஹூக் தீந்துடுச்சு, வாங்கணும்.

அண்ணி வந்தாங்க. "மேட் டைல்ஸ்ல அழுக்கு புடிச்சா போவாதாம்மா. துடைக்கறது யாரு?" நியாயமான கேள்வி.

"நான் துடைக்கறேன் அண்ணி. எப்பவும் உக்காந்துதானே துடைக்கறேன்."

அண்ணி முகம் ஒருமாதிரி ஆயிடுச்சு. சண்டைக்குச் சொல்லல. சின்ன வயசுலேர்ந்து போலியோ கால். தரையை என்னைவிட கிட்டத்துல பாத்தவங்க அந்த வீட்ல யாரு?

ஜூன் 12, வெள்ளி

கடையிலேர்ந்து போன். "வெள்ளை லோடு நாளைக்கு ஏத்திடலாமாம்மா? உங்க அண்ணன் சொல்லிட்டாரு."

எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. தச்சுக்கினு இருந்ததை அப்டியே போட்டுட்டு ஆட்டோ பிடிச்சேன். தனியா.

கடைக்கார பாய் சங்கடப்பட்டார். "அண்ணன் சொன்ன பிறகு நான் என்னம்மா செய்யறது?"

"வீட்டுப் பத்திரத்துல ரெண்டு பேரும் இருக்கோம் பாய். அவரையும் வரச் சொல்லுங்க. ஒரு சொம்பு தண்ணியும் குடுங்க."

அண்ணன் பைக்ல வந்தாரு, கோவமா. கடைத் தரையில பரப்பி வச்சிருந்த வெள்ளை டைல்ஸ் மேல தண்ணியை ஊத்தினேன்.

"இதுல நடண்ணா. இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடிக்கு. நடந்துட்டா வெள்ளையே போட்டுக்க, வாயே தொறக்க மாட்டேன்."

கடையே பாத்துக்கினு இருந்துச்சு. அண்ணன் தண்ணியைப் பாத்தாரு. என் காலைப் பாத்தாரு.

"நாலு பேர் எதிர்ல மானத்தை வாங்கறியே."

ஈரத்தை மிதிக்காம சுத்திக்கினு வெளிய போயிட்டாரு.

"சாம்பல் கலர் பாய். ஹாலுக்கும்."

பாய் குடோனுக்கு போன் போட்டு லோடை மாத்தினார்.

வெளிய வந்து அழுதேன். ஜெயிச்சதுக்கு எதுக்கு அழுகைன்னு தெரியல. எதிர்க் கடையில கரும்பு ஜூஸ். ஐஸ் ஜாஸ்தி.

ஜூன் 22, திங்கள்

நல்ல வெயில். பாதி ஹால் ஒட்டியாச்சு. அண்ணன் இன்னும் எங்கிட்ட பேசல. எல்லாம் அண்ணி வழியா. "மோட்டாரை நிறுத்தச் சொல்லு." நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருக்கேன்.

கிச்சன் வாசல்ல சின்னதா படி வைக்கவான்னு மேஸ்திரி கேட்டார். வேணாம், சமமா ஒட்டுங்கன்னேன். தெரு வாசல்லயும் படி வேணாம், சரிவா போட்டுடுங்க.

அண்ணனுக்குப் பேச்சு வந்துடுச்சு. "வாசப்படி இல்லாத வீடா? மகாலட்சுமி எப்டி உள்ள வருவா?"

"படி இல்லன்னா இன்னும் சுலபமா வருவாண்ணா."

மேஸ்திரி எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தார். அப்புறம் மட்டம் பாக்கற நூலை எடுத்துக்கினு வாசலுக்குப் போனார். சரிவு எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னு எங்கிட்ட கேட்டார்.