யோகன் வாசித்த என் செய்தி

3.3.2019, ஞாயிறு
விடியலிலிருந்து தூறல். முருங்கைக்காய் ஆறு பெட்டி வந்தது, இரண்டு அழுகல். முதலாளிக்குச் சொல்ல வேண்டும்.

கடைக் கண்ணாடியில் வெளிப்பக்கமாக ஒரு விளம்பரத் தாள். மதுரா என்று இங்கே பிறந்த பிள்ளை எடுத்த படம். வானொலி நாடகத்தைச் செய்தி என்று நம்பி பாரிஸ் லா சப்பல் தெருவில் எங்கள் சனம் ஓடிய கதை. கீழே பெரிய எழுத்தில்: ‘அன்று வாசித்த யோகனே நடிக்கிறார்.’

அன்று வாசித்தது நான்.

ஒன்பது வருடமாக இதை எங்கும் எழுதவில்லை. நாடகத்துக்குள் ஒரு செய்தி வரும்: மெத்ரோ ரயில் நிலைய வாசல்களைப் பொலிஸ் அடைத்துவிட்டது, விசா இல்லாதவர்களைப் பிடிக்கிறது. குரலைத் தடிப்பாக்கி வாசித்தேன். ஒருவருக்கும் ஆளைத் தெரியவில்லை. ஒலியைப் பார்த்துக்கொண்டது யோகன். கடைகளில் இடையில் கேட்டவர்களுக்கு அது நாடகம் என்று எப்படித் தெரியும்? ஐந்து நிமிடத்தில் தெரு காலி. மெத்ரோப் படியில் விழுந்து செல்வி அக்காவுக்குக் கால் முறிந்தது.

மறுநாள் சனம் வானொலி வாசலில். “எவன் வாசிச்சவன்?” எனக்கு அப்போது விசா இல்லை, அகதி வழக்கு நடந்துகொண்டிருந்தது. யோகனிடம் விசா இருந்தது. “நான்தான்” என்றான். அதன்பிறகு அவன் சாப்பாட்டுக் கடைப் பக்கம் இரண்டு வருடம் ஆள் போகவில்லை.

அன்று நான் அவன் காலில் விழாத குறை. இன்று அந்தத் தாளைக் கிழித்துப்போட்டேன். மழையில் கிழிந்தது என்று முதலாளிக்குச் சொன்னேன்.

5.3, செவ்வாய்
பால். கௌரிக்கு மருந்து. பல் வைத்தியருக்குப் போன் (மறந்துவிட்டேன்).

யோகன் கறிவேப்பிலை வாங்க வந்தான். கடையில் நின்ற இரண்டு பெண்களுக்கு ஒரே சந்தோசம். “அண்ணை, அந்தச் செய்தியை ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோவன்!” காட்டினான். தட்டுத்தடுமாறி, மூச்சு விடும் இடம் தெரியாமல். அதற்கும் கைதட்டு!

“மச்சான், ஞாயிறு படத்துக்கு வா. முன்னுக்கு இடம் பிடிச்சு வைக்கிறன்” என்றான். பெரிய உபகாரம்.

வீட்டில் மனைவி கௌரியிடம் கொட்டினேன். அவளுக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும்.

“ஏச்சு வாங்கேக்கை அவர். மாலை விழேக்கை நீங்களோ?”

“குரல் என்ரை.”

“அப்ப அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே.”

சாப்பிடாமல் எழுந்தேன். பிறகு பசித்தது, சாப்பிட்டேன்.

7.3, வியாழன்
கட்டிலுக்குக் கீழே பெட்டியைக் கிளறினேன். வழக்குக் கடிதங்கள், ஒற்றைக் கையுறை, யாருடையதோ பூட்டின் திறப்பு. அடியில் அந்த சீடீ! அன்றைய ஒலிபரப்பு முழுக்க இருக்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மதுராவுக்குப் போன் எடுத்தேன். “உங்கடை படத்திலை ஒரு பிழை இருக்கு, பிள்ளை.”

“பிழையோ? என்ன அங்கிள்?”

“ஞாயிறு எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறன்.”

நன்றாக நித்திரை கொண்டேன், கன நாளைக்குப் பிறகு.

8.3, வெள்ளி
லீவு. கௌரி வேலைக்குப் போனபின் சீடீயைப் போட்டேன். என்ன குரல்! இப்போது கேட்டால்கூட நானே ஓடுவேன். இரண்டாம் தரமும் கேட்டேன். மூன்றாம் தரம் ஒலியை நன்றாகக் கூட்டினேன்.

நடுவில் இசை போகும் இடம். அதற்கு அடியில் மெல்ல யோகன்: “நிப்பாட்டடா. கீழை சனம் ஓடுது.”

பிறகு நான், சிரிப்போடு: “இன்னும் ஒரு பக்கம்தான்.”

அந்தப் பக்கத்தையும் வாசித்தேன். முன்னையதைவிட நன்றாக வாசித்தேன்.

இது எனக்கு மறந்துபோயிருந்தது. மறந்துபோனது என்றுதான் நினைக்கிறேன். செல்வி அக்கா விழுந்தது எந்தப் பக்கம் வாசிக்கையில்?

10.3, ஞாயிறு
காற்று. ஒபர்வில்லியேயில் மண்டபம், பின்னேரம் மூன்று மணி. கௌரி வரமாட்டேன் என்றுவிட்டாள். சீடீ கோட்டுப் பையில். வெட்கம் ஒரு பக்கம். ஆனாலும் திரையில் யோகன் வாசிக்க, பக்கத்தில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள், அதோடு எல்லாம் போய்விட்டது. சொல்லத்தான் போகிறேன் என்று முடிவெடுத்தேன்.

படம் முடிந்து மதுரா மைக்கை என்னிடம் தந்தாள். எழுந்தேன். அதற்குள் பின்னால் செல்வி அக்கா தடியை ஊன்றி எழுந்துவிட்டார்.

“யோகன், ஒண்டு கேக்கோணும். கீழை நாங்கள் கத்தினது உனக்குக் கேட்டிருக்கும். ஏன் நிப்பாட்டேல்லை?”

மேடையில் யோகன் குனிந்தபடி நின்றான். என் பக்கம் திரும்பவே இல்லை.

“நல்லா வந்துகொண்டிருந்தது அக்கா. அந்த ஆசையிலை வாசிச்சுப்போட்டன். பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

அக்கா மேடைக்கு ஏறினார். நாலே படி, எவ்வளவு நேரம்! அவன் தலையில் கையை வைத்தார்.

“சரி, விடு. இவ்வளவு காலமும் உன்னோடை கதைக்கேல்லை. இனிக் கதைக்கிறன்.”

மண்டபம் முழுக்கக் கைதட்டு. மதுரா என் பக்கம் திரும்பினாள். “என்ன பிழை அங்கிள்?”

“சத்தம் கொஞ்சம் குறைவு” என்றேன். மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அக்கா கையை எடுக்கவில்லை. என் தலையில் வைக்க வேண்டிய கை.